கிழியாத படம்

கம்ப்யூட்டர் திரையின் மூலையில் தெரிந்த பிரம்பு நாற்காலிக்குக் கால்கள் ஓரிடத்திலும் முதுகு இன்னோரிடத்திலும் இருந்தன.

டோரதி கண்ணாடியைக் கழற்றி, ஊதி, கஃப்தான் அங்கியின் முனையில் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டாள். நாற்காலி அப்படியேதான் இருந்தது. யாரோ படத்தைக் குறுக்கே வெட்டி, மேல் பாதியைக் கொஞ்சம் தள்ளி ஒட்டிவிட்டுப் போனதுபோல. வெட்டு ஒரு கோடாகத் திரையின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஓடியது. அவள் ஓட்டிக்கொண்டிருந்த சிவப்புக் காரையும் எதிரே வளைந்த மலைச்சாலையையும் மூலையிலிருந்த இரண்டு சின்ன வீடியோ கட்டங்களையும் சேர்த்தே அறுத்தது. மேல் கட்டத்தில் இருந்தது ஷரீஃபாவின் முகம். கீழ்க் கட்டத்தில் டோரதியின் முகமும், அவளுக்குப் பின்னால் சுவரும், சுவரோரம் செத்துப்போன புருஷன் ரேமண்டின் பிரம்பு நாற்காலியும்.

"கார ஓட்டு லா! உக்காந்தே தூங்கிட்டியா?" ஹெட்ஃபோனுக்குள் ஷரீஃபா கத்தினாள்.

"படம் கிழியுது லா ஷரீஃபா."

"தோக்கப் போற நேரத்துல எல்லாம் கிழியும்!"

இரண்டு பேரும் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருஷம் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் இருந்தவர்கள். ஓய்வு பெற்றதும் மற்றவர்கள் பூச்செடி வளர்த்தார்கள், முழங்காலுக்கு எண்ணெய் போட்டார்கள். இவர்கள் கம்ப்யூட்டரில் கார்ப் பந்தயத்தில் இறங்கினார்கள். டோரதியின் குரல் சாதாரணக் குரல் இல்லை. அந்தக் காலத்தில் அவள் "ஹலோ" என்றால் பட்டர்வொர்த் போகிற ஃபெரி பாதிக் கடலில் நின்று, "என்னையா கூப்பிட்டீங்க?" என்று கேட்குமாம். சுங்கை பினாங் அடுக்குமாடியின் ஏழாவது மாடியிலிருந்து அவள் திட்டினால் கீழே வண்டி நிறுத்தத்தில் மூன்று கார்களின் அலாரம் அடிக்கும். இதை அந்த மாடியில் யாரைக் கேட்டாலும் சத்தியம் செய்வார்கள்.

அப்படிப்பட்டவள் போன மாதம் ஒரே ஒரு தடவை பயந்துவிட்டாள். சமையலறையில் ஏதோ உருட்டிய சத்தம். மகன் டேரிலுக்குப் போன் போட்டாள். அவன் செபராங் ஜெயாவிலிருந்து பாலத்தைத் தாண்டிப் பறந்து வந்து பார்த்தால், பிஸ்கட் டின்னுக்குள் ஒரு எலி. டோரதி அந்த எலியைப் பற்றிச் சொல்லும்போது அது முதலில் பூனையளவு இருந்தது, பிறகு ஆட்டுக்குட்டியளவு வளர்ந்தது. டேரிலுக்குச் சிரிப்பு வரவில்லை.

"இன்னொரு தடவ பயந்து போன் பண்ணீங்கன்னா வீட்ட வித்துட்டு எங்ககூட வந்துரணும். சரியா மா?"

ஜெபமாலையைக் கையில் வைத்துக்கொண்டு, "சரி" என்று சொல்லித் தொலைத்தாள். வீட்டை வாங்க ஆள்கூடத் தயாராக இருந்தார். செபராங் ஜெயாவில் அவளுக்கு ஓர் அறை காத்திருந்தது. ரோஜா நிறத் திரைச்சீலை, ஒற்றைக் கட்டில், மருந்து வைக்க ஒரு குட்டி மேசை. அந்த மேசையில் இந்தத் திரையின் காலைக்கூட வைக்க முடியாது. அங்கே போனால் அவளும் அந்த மருந்துப் புட்டிகளில் ஒரு புட்டியாகிவிடுவாள் என்பது டோரதிக்கு நிச்சயமாகத் தெரியும். ஆகவே இனிமேல் பயம் என்பதே கிடையாது என்று முடிவு கட்டியிருந்தாள்.

அதனால்தான் கிழிந்த படத்தின் கீழ்ப் பாதியில், நாற்காலி இருக்கையில், சாம்பல் நிறத்தில் ஏதோ மடிந்து கிடந்ததைப் பார்த்தபோது அவள் பயப்படவில்லை. திரும்பிப் பார்த்தாள். காலி நாற்காலி. மெத்தை, அதன் நடுவே ரேமண்ட் பல வருஷம் உட்கார்ந்து தேய்த்த குழி, வேறொன்றுமில்லை.

சூலியா தெருவில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் ஜபருல்லாவுக்குப் போன் போட்டாள்.

"தம்பி, நீ குடுத்த ஸ்கிரீன் படத்தக் கிழிக்குது."

"ஸ்கிரீன் மேல தப்பு இல்லக்கா. கம்ப்யூட்டர்ல இருக்கற கார்டு ஒரு வேகத்துல படம் அனுப்புது, ஸ்கிரீன் அதோட வேகத்துல வரையுது. பழைய படத்துல பாதி வரைஞ்சுட்டு இருக்கும்போதே புதுப் படம் வந்து குதிச்சிருது. அதான் மேல ஒண்ணு, கீழ ஒண்ணு. அடாப்டிவ் சிங்க் ஆன் பண்ணுங்க. அப்புறம் ஸ்கிரீன் காத்திருக்கும். படம் முழுசா வந்தாதான் வரையும்."

"நேத்தே ஆன் பண்ணிட்டேனே!"

"கம்ப்யூட்டர்ல பண்ணியிருப்பீங்க. ஸ்கிரீனுக்கு அடியில ஒரு பொத்தான் இருக்கு பாருங்க, அங்கயும் பண்ணணும். ரெண்டு பக்கமும் சம்மதிச்சாதான் ஒட்டும்க்கா. ஒரு பக்கம் மட்டும் வேலைக்கு ஆவாது."

"கல்யாணம் மாதிரியா?"

"அந்த மாதிரிதான் லா! ஆன் பண்ணிட்டு மூலையில எண் காட்டச் சொல்லுங்க. செகண்டுக்கு எத்தன தடவ படம் வரையுதுன்னு காட்டும். கார் ஓடும்போது எண் ஏறி எறங்கும். ஆட்டத்த நிறுத்திட்டா எண்ணும் நின்னுரும். அப்படி இருந்தா எல்லாம் சரி."

வெளியே மழை பிடித்துக்கொண்டது. ஆற்றின் சேற்று வாடையும் பக்கத்து வீட்டில் யாரோ வறுத்த பெலாச்சான் இறால் விழுதின் வாடையும் ஜன்னல் கம்பி வழியாகச் சேர்ந்து வந்தன. டோரதி குனிந்து, திரையின் அடிவயிற்றைத் தடவி, பொத்தானைக் கண்டுபிடித்து, பட்டியலில் மேலும் கீழும் அலைந்து, ஒரு தடவை தவறிப்போய் எல்லாவற்றையும் கொரிய மொழிக்கு மாற்றி, அதை மீட்டு, கடைசியில் அடாப்டிவ் சிங்க் என்ற இடத்தில் அழுத்தினாள். திரை ஒரு கணம் கறுத்தது. பிறகு வெளிச்சம் வந்தது.

கோடு போயிருந்தது.

படம் எண்ணெயில் வழுக்குவதுபோல ஓடியது. மலைச்சாலையின் ஒவ்வொரு இலையும் தனியாகத் தெரிந்தது. மூலையில் எண் நூற்றுநாற்பத்துநான்கு வரை ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. டோரதி ஒரே மூச்சில் ஷரீஃபாவைத் தாண்டினாள். தாண்டிய வேகத்தில் ஷரீஃபாவின் தலைமுக்காடு பறந்துவிட்டது என்று டோரதியே பிற்பாடு ஊரெல்லாம் சொல்லியிருப்பாள், பிற்பாடு என்று ஒன்று இருந்திருந்தால்.

"அலாமாக்! ஏமாத்துற நீ," என்றாள் ஷரீஃபா. பிறகு சிரிப்பு நின்றது. "ஆமா, ஒம் பின்னால யாரு? டேரில் வந்திருக்கானா?"

டோரதி கீழ்க் கட்டத்தைப் பார்த்தாள்.

நாற்காலி முழுதாக இருந்தது. முதுகும் காலும் ஒன்றோடொன்று பொருந்தி உட்கார்ந்திருந்தன. இருக்கையில் மடிந்து கிடந்த சாம்பல் நிறமும் முழுதாகியிருந்தது. அது மெத்தையிலிருந்து எழும்பி முதுகுப் பிரம்பில் சாய்ந்திருந்தது.

திரும்பினாள். காலி நாற்காலி.

திரைக்குத் திரும்பினாள். இருந்தது.

"டோரதி?"

ஏதோ இருக்கிறது என்று சொன்னால் ஷரீஃபா அடுத்த நிமிஷம் டேரிலைக் கூப்பிடுவாள். ரோஜா நிறத் திரைச்சீலை கண்முன் ஆடியது.

"துணி லா. மழையில்ல, உள்ள காயப் போட்டிருக்கேன்."

"துணிக்கு ஏன் முட்டி இருக்கு?"

"ரேமண்டோட கைலி. அது அவர் மாதிரியேதான் உக்காரும்."

ஷரீஃபா சிரித்தாள். பாதிச் சிரிப்பு. தூரத்துப் பள்ளிவாசலிலிருந்து பாங்கு மழைக்குள் நனைந்து வந்தது. "மஃரிப் ஆச்சு, நான் தொழப் போறேன். கதவெல்லாம் பூட்டு." அவளுடைய கட்டம் இருண்டது.

டோரதியின் கட்டம் மட்டும் எரிந்துகொண்டிருந்தது. அதை மூடியிருக்கலாம். எலி உள்ளே இருக்கும்போது பிஸ்கட் டின்னை யாராவது மூடுவார்களா? எங்கே இருக்கிறது என்று தெரியாத எலியைவிடத் தெரிகிற எலி மேல். அவள் மூடவில்லை. காரைச் சாலையோரம் நிறுத்தி, ஆட்டத்தை நிறுத்தி, மேசை டிராயரிலிருந்து ஜெபமாலையை எடுத்தாள். மழை வந்தாலும் இடி விழுந்தாலும் விளக்கு வைக்கிற நேரத்தில் அவளுக்கு ஜெபமாலை உண்டு.

அதைச் சொல்ல இரண்டு பேர் வேண்டும். மாதாவிடம் சொல்கிற அருள் நிறைந்த மந்திரத்தின் முன்பாதியை ஒருவர் சொல்ல, பின்பாதியை மற்றவர் சொல்லி முடிக்க வேண்டும். நாற்பது வருஷம் முன்பாதி டோரதிக்கு, பின்பாதி ரேமண்டுக்கு. ரேமண்ட் இழுப்பான். அவன் ஒரு பின்பாதியை முடிப்பதற்குள் சுங்கை பினாங் ஆற்றில் தண்ணீர் ஒருமுறை ஏறி வடிந்துவிடும். டோரதி பொறுக்க மாட்டாள். அவன் வாயில் பாதி இருக்கும்போதே தன் அடுத்த முன்பாதியோடு வந்து குதிப்பாள். அவர்கள் வீட்டு ஜெபமாலை ஒருநாளும் கிழியாமல் முடிந்ததில்லை.

அவன் போன பிறகு மாதா கோயில் பெண்கள் சொன்னார்கள், தனியாக இருப்பவர்கள் இரண்டு பாதியையும் தாங்களே சொல்லிக்கொள்ள வேண்டியதுதான் என்று. டோரதி கேட்கவில்லை. "அது அவரு பங்கு. நான் ஏன் தொடணும்?" தன் முன்பாதியைச் சொல்வாள். பிறகு வாயை மூடிக்கொண்டு, அவன் சொல்லி முடிக்கிற அளவு காத்திருப்பாள். இப்போது இடையில் புகுவதில்லை. உயிரோடு இருந்தபோது கொடுக்காத இடத்தை முழுசாகக் கொடுத்தாள். இரண்டு வருஷமாக ஒவ்வொரு அந்தியிலும் ஐம்பத்துமூன்று தடவை அந்த வீட்டில் ஓர் ஆள் புழங்குகிற அளவுக்கு மௌனம் திறந்துகிடந்தது.

முதல் மணியைப் பிடித்தாள். முன்பாதியைச் சொன்னாள். நிறுத்தினாள்.

மூலையில் எண் இறங்கியது.

ஆட்டம் நின்றிருந்தது. கார் நின்றிருந்தது. எண்ணும் நிற்க வேண்டும் என்றுதானே ஜபருல்லா சொன்னான்? நூற்றுநாற்பத்துநான்கிலிருந்து அது வழுக்கி, எண்பது, அறுபது, ஐம்பது என்று இறங்கி, அங்கேயே நின்று, மெல்லத் துடித்தது. எதற்கோ காத்திருப்பதுபோல. டோரதி அடுத்த முன்பாதியைத் தொடங்கியதும் சட்டென்று மேலே ஏறிக்கொண்டது.

வேகமாகச் சொல்லிப் பார்த்தாள். எண் வேகமாக ஏறி இறங்கியது. வார்த்தைக்கு வார்த்தை இழுத்துப் பார்த்தாள். அதுவும் இழுத்தது.

"ரோசாக் சாமான்," என்று முணுமுணுத்தாள். கெட்டுப்போன பொருள், நாளைக்கே ஜபருல்லாவின் தலையில் கட்டிவிடலாம். ஆறாவது மணிக்கு வந்தாள். சொன்னாள். நிறுத்தினாள். எண் இறங்கியது. மழையின் இரைச்சலுக்கு அடியில், ஏ.சி.யின் முனகலுக்கு அடியில், அவளுடைய முதுகுக்குப் பின்னால் பிரம்பு மெல்ல முறுகியது.

யாரோ பின்பாதியைச் சொன்னார்கள்.

ஈரக் குரல். நெடுந்தூரக் கம்பியின் மறுமுனையில் உதட்டை ஒட்டவைத்துக்கொண்டு பேசுகிற குரல். சொல் தெளிவாக இருந்தது. டோரதியின் நெஞ்சு ஒரு துள்ளு துள்ளியது. வெட்கமில்லாமல் சந்தோஷமும் வந்தது. ரேமண்ட்?

ஏழாவது மணி. அவள் முடித்த இடத்தில் அது தொடங்கியது. அவள் தொடங்க மூச்செடுத்த இடத்தில் அது முடித்தது. இடையில் ஒரு தலைமுடி போகாது.

சந்தோஷம் அங்கேயே செத்தது. முப்பது வருஷம் ஆயிரக்கணக்கான குரல்களைக் கம்பியில் கேட்டவள் அவள். நாற்பது வருஷம் ஒரே ஒருவனுடைய இழுவையைக் கேட்டவள். ரேமண்ட் ஒரு தடவைகூட அவளோடு பொருந்தியதில்லை. இது பொருந்தியது. இது ரேமண்ட் இல்லை.

இன்னொன்றும் கவனித்தாள். அது ஆமென் சொல்லவில்லை. ஒவ்வொரு முறையும் மந்திரத்தை முடித்துவைக்கிற அந்த ஒரு சொல்லை மட்டும் விட்டுவைத்தது.

கட்டத்துக்குள் பார்த்தாள். சாம்பல் நிறத்துக்கு முட்டிகள் இருந்தன. முட்டிகளின்மேல் கைகள். முகம் இருக்க வேண்டிய இடத்தில் நனைந்த துணியைப் பிழிந்ததுபோல மடிப்புகள். மடிப்புகளுக்கு நடுவே உதடு. உதடு மட்டும் கூர்மையாக, ஒவ்வொரு வரியும் தெரிய, கிழியாமல் இருந்தது.

இத்தனை நாளும் அது இங்கேதான் துண்டு துண்டாக உட்கார்ந்திருக்கிறது. அவள்தான் ஒட்டவைத்துவிட்டாள்.

டோரதி தொண்டையைத் திறந்தாள். 

"யாரு நீ?" ஏழாவது மாடியே அதிர்ந்தது, கீழே ஒரு காரின் அலாரம் அடித்தது. "யாரக் கேட்டு அந்த நாக்காலில உக்காந்த? பெத்த மவனே என்னைய இந்த வூட்ட வுட்டுக் கெளப்ப முடியல, நீ கெளப்பிருவியா? எந்திரி! எந்திரிச்சுப் போ!"

உதடு அசைந்தது. சத்தமில்லை. "எந்திரிச்சுப் போ" என்ற அசைவு. அவள் சொன்ன அதே வேகத்தில்.

டோரதி திரைக்கு அடியில் கையை விட்டாள். பொத்தான். பட்டியல். விரல் வழுக்கியது. அடாப்டிவ் சிங்க். அணைத்தாள்.

திரை கறுத்து வெளுத்தது. கோடு வந்தது.

ஆனால் நாற்காலியில் இல்லை. சாம்பல் நிறம் முழுசாக, அசையாமல் இருந்தது. கோடு டோரதியின் தாடைக்குக் கீழே, கழுத்தின் குறுக்கே ஓடியது. அவள் பின்னால் நகர்ந்தாள். கோட்டுக்குக் கீழே தோள் நகர்ந்தது. கோட்டுக்கு மேலே தலை அதே இடத்தில் நின்று அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ரெண்டு பக்கமும் சம்மதிச்சாதான் ஒட்டும்க்கா. அவள் அணைத்தது அவள் பக்கத்தை மட்டும். அது தன் பக்கத்தை விடவில்லை.

பிரம்பு முறுகியது. பின்னாலிருந்து மந்திரம் தொடங்கியது. இந்த முறை முன்பாதி. டோரதியின் பாதி. டோரதியின் வேகம். சொல்லிவிட்டு நின்றது.

காத்திருந்தது.

எண் இறங்கியது. ஐம்பது.

பின்பாதி அவளுடைய நாக்கு நுனியில் தானாக வந்து உட்கார்ந்தது. சின்ன வயதிலிருந்து காதில் விழுந்த பழக்கம். அவள் பல்லைக் கடித்தாள். சொல்ல மாட்டேன். அது ரேமண்டோட பங்கு. ஒனக்கு இல்ல.

போன் அடித்தது. டேரில்.

ஒற்றை விரலால் ஸ்பீக்கரை அழுத்தினாள்.

"மா? ஷரீஃபா ஆன்ட்டி மெசேஜ் போட்டாங்க. வீட்ல யாரோ இருக்காங்களாமே? நான் வரவா?"

ரோஜா நிறத் திரைச்சீலை. ஒற்றைக் கட்டில். மருந்து மேசை. போகட்டும். எல்லாம் போகட்டும். இதுக்கு இந்த வீட்டக் குடுக்கறதுக்குப் பதிலா அவனுக்கே குடுத்துடலாம். டோரதி வாயைத் திறந்தாள். வாடா என்ற சொல்லுக்காக மூச்சை இழுத்தாள்.

"ஒண்ணுமில்லடா. நான் நல்லாத்தான் இருக்கேன்."

அவளுடைய குரல். அவளுடைய மிடுக்கு. அவளுடைய வாயிலிருந்து வரவில்லை. திரையில், கோட்டுக்கு மேலே, அவளுடைய உதடுகள் அசைந்துகொண்டிருந்தன.

"மழைக்குத் துணி காயப் போட்டிருக்கேன் லா. அதப் பாத்துட்டு அவ ஒளர்றா. நீ வராத."

"ஷூரா மா?"

"என்னைய என்ன நெனச்ச? எனக்கென்ன பயமா?"

டேரில் சிரித்தான். நிம்மதிச் சிரிப்பு. "உங்கள ஜெயிக்க முடியாது மா. சரி, பூட்டிட்டுப் படுங்க."

வைத்துவிட்டான்.

பிரம்பு முறுகியது. நாற்காலியிலிருந்து முன்பாதி மறுபடி தொடங்கியது. நிதானமாக. முடிந்தது. காத்திருந்தது.

சொல்ல மாட்டேன்.

டோரதி இரண்டு கைகளாலும் வாயைப் பொத்தினாள். பல் உள்ளங்கையில் பதிகிற அளவு. ஜெபமாலை மணிகள் கன்னத்தில் அழுந்தின. திரையில், கோட்டுக்குக் கீழே, முழங்கைகள் மேலே எழுந்தன. கோட்டுக்கு மேலே கைகள் வரவில்லை.

அங்கே முகம் மட்டும் இருந்தது. அவளுடைய முகம். அமைதியாக. அதன் பின்னால், தோளுக்கு மேலே, இருக்கை காலியாக இருந்தது.

கோட்டுக்கு மேலே வாய் திறந்தது. பின்பாதியைச் சொன்னது. ஒரு சொல்கூட இடறாமல் முடித்து, ஆமென் என்றது.